பட்டறையும் ஒரு கோழி இரைப்பையும்

நமுகூசி ஆரம்பப் பள்ளியில் சரித்திரமும் பைபிளும் நடத்திக்கொண்டிருந்த சிதுமா வாத்தியார், தச்சு வாத்தியார் ஆனது ஒரு நாற்காலியால். கால் ஆடிய நாற்காலி ஒன்றை அவர் ஒரு நாள் கவிழ்த்துப் போட்டு, கல்லை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார். ஹெட்மாஸ்டர் முனியாலோ அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். அடுத்த வாரம் நைரோபியிலிருந்து உத்தரவு வந்தது. இந்த நாட்டுப் பிள்ளைகள் மூளையால் மட்டும் படித்தது போதும், இனிமேல் கையாலும் படிக்க வேண்டும். பள்ளிக்கு ஒரு தச்சுப் பட்டறை, பட்டறைக்கு ஒரு வாத்தியார். முனியாலோ ஆசிரியர் அறைக்குள் வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னார்.

"நம்மகிட்ட ஏற்கெனவே ஒரு நிபுணர் இருக்கார்."

நாற்காலி அன்று மாலையே மறுபடி ஆட ஆரம்பித்தது. அதை யாரும் ஜன்னல் வழியாகப் பார்க்கவில்லை.

உத்தரவின் முதல் பக்கத்தைக் கேட்டுச் சிரித்த சிதுமா, இரண்டாம் பக்கத்தைப் படித்தபின் சிரிக்கவில்லை. எட்டாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அக்டோபர் முடிவதற்குள் பள்ளிப் பட்டறையில், தன் கையால், ஒரு முக்காலி செய்து காட்ட வேண்டும். முக்காலி இல்லையென்றால் உயர்நிலைப் பள்ளி இல்லை. கணக்கில் புலி, ஆங்கிலத்தில் சிங்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சிதுமாவின் ஒரே மகள் நஞ்சாலா எட்டாம் வகுப்பில் இருந்தாள். கணக்கில் புலி, ஆங்கிலத்தில் சிங்கம்.

பட்டறை கட்டுவது அரசாங்கத்தின் வேலை அல்ல. கட்டச் சொல்வதுதான் அதன் வேலை. ஊரே கூடிக் கைகொடுக்கும் ஹராம்பே கூட்டம் மாமரத்தடியில் நடந்தது. தொப்பியும் கைத்தடியுமாக ஊர்த் தலைவர் சீஃப் வெபுகுலு எழுந்து, கையின் பெருமையைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார். பேச்சு முடிந்ததும் கயெம்பா என்ற சோள வியாபாரி எழுந்தார்.

"சீஃப், ஒரு சந்தேகம். எங்கப்பா காலத்துல மிஷன்காரங்ககிட்ட எழுத்துச் சொல்லிக் குடுங்கன்னு போனா, செங்கல் அறுக்கச் சொல்லிக் குடுத்தாங்க. உங்களுக்குக் கைதான் ராசின்னாங்க. எங்கப்பா சண்டை போட்டுட்டு வெளிய வந்தாரு. அப்புறம் சுதந்திரம் வந்துச்சு, புத்தகம் வந்துச்சு. இப்ப எம் பிள்ளை காலத்துல மறுபடி கையா?"

"அது வெள்ளைக்காரன் சொன்ன கை. இது நாமளே சொல்ற கை."

"உங்க பேரன் எங்க படிக்கிறான், சீஃப்?"

"நைரோபில, தனியார் பள்ளில."

"அங்க பட்டறை உண்டா?"

"அங்க நீச்சல் குளம் இருக்கு," என்றார் சீஃப் பெருமையாக. கூட்டம் கைதட்டியது. கயெம்பாவும் தட்டினார். தட்டாதவர்கள் வீட்டுக் கோழியை சீஃபின் ஆள் கணக்கில் வைத்துக்கொள்வான்.

கட்டடம் எழுந்தது. செங்கல் சுவர், தகரக் கூரை, பெரிய ஜன்னல். உள்ளே மேசை இடிக்கும் என்று கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்தார்கள். பிறகு ஒரு லாரியில் மரப்பெட்டி ஒன்று வந்தது. ரம்பம், இழைப்புளி, உளி, சுத்தியல் எல்லாம் உள்ளே இருப்பதாக மேலே எழுதியிருந்தது. அதன்மேல் ஒரு சுற்றறிக்கையும் ஒட்டியிருந்தது: 'முறையான திறப்பு விழா நடக்கும்வரை பட்டறையையோ பெட்டியையோ திறக்கக் கூடாது.' பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டி, ஹெட்மாஸ்டர் சாவியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் குனிந்து பேசுவதை விட்டுவிட்டார்.

திறப்பு விழா வரும்வரை பாடம் நிற்கக் கூடாது என்பதும் உத்தரவு. சிதுமா கரும்பலகையில் ரம்பம் வரைந்தார். அது முதலை போல இருந்தது. பிள்ளைகள் அதைப் பார்த்து நோட்டில் முதலை வரைந்தார்கள். 'ரம்பத்தின் பயன்கள் யாவை?' என்று பரீட்சை வைத்தார். எல்லாரும் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். அடுத்து செய்முறை. பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, இல்லாத பலகையை இல்லாத ரம்பத்தால் அறுக்கச் சொன்னார். விசில் ஊதினால் தள்ள வேண்டும், மறுபடி ஊதினால் இழுக்க வேண்டும். அந்தப் பக்கம் வந்த சீஃப் நின்று பார்த்து மெச்சினார்.

"எவ்வளவு அறுத்தும் குப்பையே இல்ல பாருங்க. இதுதான் திட்டமிட்ட வேலை."

வீட்டில் நஞ்சாலா சோறுண்ணும் நேரத்தில் கேட்டாள். "அப்பா, ரம்பம் தள்ளும்போது அறுக்குமா, இழுக்கும்போது அறுக்குமா?"

"சுற்றறிக்கையில அது இல்லம்மா."

அவருடைய மனைவி நஃபுலா சோளமாவு உகாலியைக் கிண்டிக்கொண்டே சிரித்தாள். "கேட்டுக்கோ. உங்கப்பாவுக்குத் தெரியாதுன்னு அவர் எவ்வளவு மரியாதையா சொல்றார் பாரு."

சிதுமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நாட்களில் அவருக்கு எதுவுமே இறங்கவில்லை. பள்ளிக்குப் போகும்போது பட்டறைக் கதவை ஒரு முறை இழுத்துப் பார்ப்பார். திரும்பும்போதும் இழுத்துப் பார்ப்பார். பூட்டு அங்கேயேதான் இருந்தது.

ஒரு வழியாக மாவட்ட அதிகாரி வரத் தேதி கொடுத்தார். பந்தல் போட்டார்கள், கோழி சமைத்தார்கள். அதிகாரி காரிலிருந்து இறங்கி, கையிலிருந்த தாளைப் பிரித்து, 'அடிக்கல் நாட்டு விழாவில் கலந்துகொள்வதில்' பெருமகிழ்ச்சி அடைவதாகச் சொன்னார். சிதுமா ஹெட்மாஸ்டரின் காதைத் தேடிப் போனார்.

"சார், கட்டடம் கட்டியாச்சு. திறக்கத்தான் கூப்பிட்டோம்."

"வாத்தியாரே, அவருக்குக் கண்ணு இருக்கு. இருந்தும் அப்படிச் சொல்றார்னா, மேல ஏதாவது காரணம் இருக்கும்."

வெயில் அதிகமாக இருந்ததால் அதிகாரி பட்டறைச் சுவரின் நிழலில் சாய்ந்துகொண்டு பேசினார். "நண்பர்களே, இந்த வெற்று நிலத்தைப் பார்க்கிறேன். இங்கே ஒரு நாள் ஒரு பட்டறை எழும் என்று கனவு காண்கிறேன். உங்களில் சிலருக்கு அது இன்று கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். தலைமைப் பண்பு என்பது அதுதான்." நிழல் கதவுப் பக்கம் இருந்ததால் கல்லையும் அங்கேயே நாட்டினார். சிமெண்ட் பூசி, தன் பெயர் பொறித்த தகட்டைத் தானே துடைத்துவிட்டு, கோழிக்கு உட்கார்ந்தார். இரைப்பை அவர் தட்டில் விழுந்தது.

இரைப்பையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்தச் சீமையில் கோழியின் இரைப்பை கறி அல்ல, பதவி. யார் தட்டில் விழுகிறதோ அவர்தான் பந்திக்குத் தலை. வீட்டில் புருஷனுக்கு, விருந்தில் பெரிய விருந்தாளிக்கு. பெண்கள் அதைக் கீறலாம், கழுவலாம், வேகவைக்கலாம். வாயில் வைக்கக் கூடாது.

அதிகாரி போனபின் கதவை இழுத்துப் பார்த்தார்கள். கல் இடித்தது. ஒரு கை நுழைகிற அளவுக்குத்தான் கதவு திறந்தது. சிதுமா கடப்பாரையைத் தேடினார்; ஹெட்மாஸ்டர் சாவியைப் பிடித்துக்கொண்டார்.

"அரசாங்கக் கல்லு வாத்தியாரே. பேர் வேற போட்டிருக்கு. எடுத்தா வேலை போயிடும்."

"அப்ப கதவு?"

"கதவுல யார் பேரும் இல்லையே."

அக்டோபர் பிறந்தது. சிதுமா கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். இரவில் புரண்டு படுத்தார். பகலில் வகுப்பில் நிற்காமல் நடந்தார். பிள்ளைகள் காற்றை அறுத்து அறுத்துத் தோள்பட்டை வலி என்றார்கள். கடைசியில் மாகாணத் தொழிற்கல்வி மேற்பார்வையாளர் திருமதி மினாயோ வருவதாகத் தகவல் வந்தது. பட்டறையைத் திறந்துவைப்பார், மாத முடிவுவரை ஊர் விருந்தினர் இல்லத்தில் தங்கி, பிள்ளைகளின் முக்காலிகளுக்கு மதிப்பெண்ணும் போடுவார்.

விழா நாளன்று காலையிலேயே சீஃப் சிதுமாவின் அடுப்படிக்கு வந்துவிட்டார். நஃபுலா கோழியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேளாண்மைத் துறைப் பண்ணையில் தீவனம் போட்டு வளர்த்த வெள்ளைக் கோழி. விழா என்று துறையே அனுப்பிவைத்திருந்தது.

"வாத்தியாரே, நீங்க படிச்சவர். நான் சொல்ல வேண்டியதில்ல. இருந்தாலும் சொல்றேன். இரைப்பை எனக்கு."

"ஆனா முதன்மை விருந்தாளி அவங்கதானே, சீஃப்."

"அவங்க பொம்பளை. பொம்பளைக்கு இரைப்பை வச்சா நாளைக்கு என் வீட்டுக்காரி கேப்பா. அப்புறம் நான் எதுக்கு சீஃப்? எனக்கு வரலைன்னா அந்தப் பட்டறைப் பக்கம் ஒரு ஆளும் போக மாட்டான்."

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் திருமதி மினாயோவின் டிரைவர் வந்து, தொப்பியைக் கழற்றி, மெதுவாகச் சொன்னான். "மேடம் சொல்லச் சொன்னாங்க. அவங்களும் நம்ம பக்கந்தான், வழக்கம் தெரியும். அவங்க சம்பளத்துல வாங்குற கோழியில இரைப்பை அவங்க வீட்டுல பால்பல் விழாத பையனுக்குப் போகுது. இந்த வேலைக்கு வந்ததே இதுக்காகத்தானோன்னு சில சமயம் தோணுதாம். போன ஊர்ல அவங்களுக்கு அதை வைக்கலையாம். அந்த ஊர்ப் பட்டறை இன்னும் திறக்கல."

சிதுமா சீஃபின் பின்னால் ஓடினார். "சீஃப், ரெண்டு கோழி அடிச்சா? ஆளுக்கொண்ணு?"

சீஃப் நின்று, இரக்கத்தோடு பார்த்தார். "ஒரு பந்தியில ரெண்டு இரைப்பையா? அது விருந்தில்ல வாத்தியாரே, தேர்தல்."

திரும்பி வந்த சிதுமா அடுப்படியில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். சீஃபுக்கு வைத்தால் மேடம் திறக்கமாட்டார். மேடத்துக்கு வைத்தால் சீஃப் விடமாட்டார். நடுவில் நஞ்சாலாவின் முக்காலி.

"நஞ்சாலா அப்பா, தீயை மிதிச்சிடப் போறீங்க," என்றாள் நஃபுலா. "நீங்க போய் ரிப்பனைப் பாருங்க. கோழியை நான் பாத்துக்கிறேன்."

கதவு திறக்காததால் ரிப்பனை ஜன்னலில் கட்டியிருந்தார்கள். திருமதி மினாயோ அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவர் பார்க்காத ஜன்னலா? ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"கைக்கு மரியாதை தராத நாடு முன்னேறாது. இந்தக் கையைப் பாருங்கள். இந்தக் கையால் நான் எத்தனை கருத்தரங்குகளைத் திறந்துவைத்திருக்கிறேன், எத்தனை கோப்புகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்று அந்நியன் நம்மைக் கைவேலை செய்யச் சொன்னபோது நாம் அவமானப்பட்டோம். இன்று நம்மவர்களே சொல்லும்போது பெருமைப்பட வேண்டும். என் பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்லி வளர்த்தேன். மூத்தவன் லண்டனில் சட்டம் படிக்கிறான். பணம் கேட்டு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் தன் கையாலேயே எழுதுகிறான்."

ரிப்பனை வெட்டினார். பிள்ளைகள் ஜன்னல் வழியாக ஏறி உள்ளே குதித்தார்கள். பெட்டியை உடைத்தார்கள். ரம்பம் இருந்தது, உளி இருந்தது, சுத்தியல் இருந்தது. எதற்கும் பிடி இல்லை. அடியில் ஒரு தாள்: 'பிடிகளை மாணவர்கள் இக்கருவிகளைக் கொண்டு தாமே செய்துகொள்ள வேண்டும்.'

திருமதி மினாயோ தாளை ஜன்னல் வழியாக வாங்கி இரண்டு முறை படித்தார். "என்ன ஆழமான கல்விமுறை," என்றார்.

பிறகு சாப்பாடு. மாதா கோயிலிலிருந்து இரவல் வாங்கிய நாற்காலிகளில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். நஃபுலா பெரிய பாத்திரத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டுப் போனாள். சீஃப் கரண்டியை விட்டார். கால் வந்தது, இறக்கை வந்தது, கழுத்து வந்தது, ஈரல்கூட வந்தது. மறுபடி துழாவினார். திருமதி மினாயோ கரண்டியை வாங்கித் தானும் துழாவினார். இருவரும் நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இரைப்பை எங்க?" என்றார் சீஃப்.

"அதைத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன்," என்றார் மேடம்.

யாரும் சாப்பிடவில்லை. இரைப்பை இல்லாத கோழியை விருந்தாளிக்கு வைப்பதைவிட வெறும் தட்டை வைக்கலாம். சீஃப் எடுத்துவிட்டார் என்று மேடம் நினைத்தார். மேடத்தின் டிரைவர் எடுத்துவிட்டான் என்று சீஃப் நினைத்தார். வாய்விட்டுச் சொல்ல இருவராலும் முடியாது. ஆகவே விசாரணைக் குழு அமைத்தார்கள். சீஃப் தலைவர், மேடம் இணைத்தலைவர், ஹெட்மாஸ்டர் செயலாளர். உடனே உட்கார வேண்டும் என்று முடிவானது. அந்த நேரம் பார்த்து மாதா கோயில் ஆள் நாற்காலிகளை எடுக்க வந்தான்.

"பிள்ளைங்க பெஞ்ச் இருக்கு மேடம்," என்றார் ஹெட்மாஸ்டர்.

"பெஞ்சில உக்காந்து குடுக்குற தீர்ப்பை எவன் மதிப்பான்? பட்டறை எதுக்கு இருக்கு? முக்காலி செய்யச் சொல்லுங்க. அவசரம்னு எழுதுங்க."

"எத்தனை மேடம்?"

சிதுமாவுக்கு ஏதோ ஒன்று உள்ளே சொடுக்கியது. அதுவரை காற்றை மட்டும் அறுத்த மனிதர், முதல் தடவையாக ஒரு விலை சொல்வது போலத் தொண்டையைச் செருமினார். "குழுவுக்கு, சாட்சிக்கு, சாட்சிக்குத் துணை வர்றவங்களுக்கு, வேடிக்கை பாக்குறவங்களுக்குன்னு பாத்தா... எட்டாம் வகுப்புல எத்தனை பிள்ளைங்களோ அத்தனை சரியா இருக்கும் மேடம். ஒரு பிள்ளைக்கு ஒண்ணு."

"ரொம்ப அதிகமா இல்ல?"

"இரைப்பை விஷயம் மேடம். கூட்டம் வரும்."

உத்தரவு கையெழுத்தானது. அடிக்கல்லை சீஃபே கடப்பாரை போட்டு நெம்பினார்.

"மாவட்ட அதிகாரி கல்லு, சீஃப்," என்றார் ஹெட்மாஸ்டர் சாவியைப் பிடித்தபடி.

"அவர் கனவு கண்டாரு. கனவை வேற இடத்துலயும் காணலாம். விசாரணை நிக்கக் கூடாது."

கதவு திறந்தது. மறுநாள் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொய்யாக் கிளைகளை வெட்டிக்கொண்டு வந்தார்கள்; மண்வெட்டிக்குப் பிடி போடுகிற மாதிரியே உளிக்கும் சுத்தியலுக்கும் போட்டார்கள். ரம்பத்தின் வாலில் சைக்கிள் டியூபைச் சுற்றினார்கள். பலகை பிளந்தது, விரல் கிழிந்தது, பசை தலைமுடியில் ஒட்டியது. சிதுமாவுக்கு அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எதுவும் தெரியவில்லை. ஓடி ஓடிப் பலகையைப் பிடித்துக்கொண்டார். கட்டடத்தில் முதல் தடவையாக மரத்தூள் பறந்தது. நஞ்சாலா நிமிர்ந்து மூக்கைத் துடைத்தாள்.

"தள்ளும்போதுதான் அறுக்குது அப்பா."

"அப்படியா," என்றார் சரித்திர வாத்தியார்.

விசாரணை மாத முடிவுவரை நடந்தது. முக்காலி முடிய முடிய ஒரு சாட்சி கூடினார். கடைசியாக நஃபுலாவைக் கூப்பிட்டார்கள். அவள் இடுப்பில் சுற்றிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கோழியை அறுத்தது யார்?" என்றார் சீஃப்.

"நான்தான் சீஃப்."

"இரைப்பையைப் பாத்தியா?"

"சீஃப், நம்ம ஊர்க் கோழி கல்லும் மண்ணும் பொறுக்கித் திங்கும். அதை அரைக்க அதுக்கு இரைப்பை வேணும். இது துறைப் பண்ணைக் கோழி. அரைச்ச தீனி, நேரத்துக்கு நேரம், உக்காந்த இடத்துல. வேலையே இல்லாத இடத்துல உறுப்பு எப்படி வளரும்னு நான் என்னத்தைக் கண்டேன். நீங்க எல்லாம் படிச்சவங்க."

குழு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. சீஃபின் நெற்றி தெளிந்தது. மேடத்தின் நெற்றியும் தெளிந்தது. தப்பு வேறு துறையுடையது.

தீர்ப்பை ஹெட்மாஸ்டர் வாசித்தார்: 'மேற்படி கோழிக்கு இரைப்பை இருந்ததற்கு ஆதாரம் இல்லை. வேளாண்மைத் துறை இதுகுறித்து விளக்கம் தர வேண்டும்.' எல்லாரும் எழுந்து கைகுலுக்கினார்கள். அன்றுதான் மாதக் கடைசி. திருமதி மினாயோ இத்தனை நாளும் உட்கார்ந்த, உட்காரவைத்த முக்காலிகளைச் சுற்றிப் பார்த்தார்.

"எதுவும் உடையலையே," என்றார் ஆச்சரியமாக. எல்லாருக்கும் தேர்ச்சி போட்டார். அவர் உட்கார்ந்திருந்தது நஞ்சாலாவுடையது. ஒரு கால் குட்டை, இடப்பக்கம் சாயும். முதல் நாளே நஞ்சாலா ஒரு தாளை மடித்து அடியில் கொடுத்திருந்தாள். மேடம் புறப்பட்டபின் சிதுமா அதை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். பெட்டியில் ஒட்டியிருந்த சுற்றறிக்கை.

ஜனவரியில் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நஞ்சாலாவுக்கு அழைப்பு வந்தது. அதே வாரம் ஹெட்மாஸ்டர் பட்டறையை மறுபடி பூட்டினார். ஜன்னல்தான் திறந்துவைக்கப்பட்டதாம், கதவுக்கு இன்னும் விழா நடக்கவில்லை என்று மேலிடம் கவனித்திருந்தது. கல்லையும் பழைய இடத்தில் நட்டுவிட்டார்கள். சாவி மறுபடி ஹெட்மாஸ்டரின் கழுத்துக்குப் போனது.

அன்று மாலை நஃபுலா முற்றத்தில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். மகளின் முக்காலியை வீட்டுக்கு எடுத்து வந்திருந்த சிதுமா, அதில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"நஞ்சாலா அம்மா. பண்ணைக் கோழிக்கு நெஜமாவே இரைப்பை இருக்காதா?"

"எல்லாக் கோழிக்கும் இருக்கும்."

"அப்ப அது?"

"நானும் உங்க பொண்ணும் ஆளுக்குப் பாதி. அடுப்புப் பக்கத்துலயே."

சிதுமா சுற்றிலும் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. முக்காலியோடு கொஞ்சம் நகர்ந்து வந்தார்.

"எப்படி இருந்துச்சு?"

நஃபுலா கையிலிருந்த கதிரை உதிர்த்து முடித்தாள்.

"ரப்பர் மாதிரி. மென்னுக்கிட்டே இருக்கணும், வேற ஒண்ணுமில்ல. இத்தனை காலமா எங்களுக்கு ஏன் தரலைன்னு அப்பதான் புரிஞ்சுது." கையிலிருந்த சக்கையை ஆட்டுக்கு எறிந்தாள். "இதுல ஒண்ணுமில்லைன்னு வெளிய தெரிஞ்சா உங்களுக்கெல்லாம் எவ்வளவு மானக்கேடு."